வரைபடத்தில் விழுந்த பள்ளம்

அத்தியாயம் 5

ஓரிபே சினாட்சுவின் வேலை போக இன்னும் இருபத்தொரு மணி நேரம் இருந்தது. அதில் முதல் பத்து நிமிடத்தை ஆரஞ்சு உரிப்பதில் செலவழித்தான் துப்பறியும் உதவியாளன் மொரோ.

"அவங்க கொண்டுவந்த பழம் பாஸ். அவங்க கேஸுக்காகத்தான் சாப்பிடுறேன். இதுல என் சுயநலம் ஒண்ணும் கிடையாது."

"தோலைப் போர்வைக்குள்ள போடாதே," என்றார் இனாபா சாயோ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜப்பானின் கனசாவா நகரில் டிசம்பர் பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறியிருந்தது. துப்பறியும் அலுவலகத்தில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான்: அடியில் மின்கணப்பும் மேலே மெத்தைப் போர்வையுமாக இருந்த தாழ்வான கொதாட்சு மேசை. இருவரும் அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்துக்கு இரண்டு நாற்காலிகளும் உண்டு. அவை அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன.

இனாபாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. துப்பறிய வருவதற்கு முன் அரிசிக் குக்கர்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தார். யாரும் படிக்காத அடிக்குறிப்புகளை வருடக்கணக்கில் எழுதியதால், எதை எடுத்தாலும் முதலில் அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. மொரோ கணினிப் படிப்பைப் பாதியில் விட்டவன். குளிர்பான இயந்திரங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறான்.

"எனக்கு வாசகர்கள் ஏழு பேர் பாஸ்."

"உன்னையும் சேர்த்தா?"

"சேர்க்காம எப்படி ஏழு வரும்?"

இனாபா திரையை அவன் பக்கம் திருப்பினார். "இந்தப் பதிவை நாலாயிரம் பேர் படிச்சிருக்காங்க. பொறாமைப்படாம இன்னொரு தடவை சொல்லு. என்ன நடந்தது?"

மொரோ விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

டிசம்பர் வந்தால் கணினிக்காரர்கள் நாளுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு வலைப்பதிவு எழுதுவார்கள். முதல் தேதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை. நிறுவனத்துக்கு ஒரு நாள்காட்டி, ஆய்வகத்துக்கு ஒரு நாள்காட்டி. நடுவில் ஒரு நாள் காலியாக இருந்தால் முன்பல் விழுந்த மாதிரி எல்லோருக்கும் கூச்சம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் அரிசாவா கணினி ஆய்வகத்து நாள்காட்டியில் பதினெட்டாம் தேதி காலியாக இருந்தது. அதில் ஒரு பெயரிலி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சும்மா உட்காரலை," என்றான் மொரோ. "அந்த ஆய்வகம் தரவைத் தேட ஒரு புது முறை கண்டுபிடிச்சிருக்கு. பழசைவிட முப்பது சதவீதம் வேகம்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. ஒரு கம்பெனி வாங்கவும் வருது. இந்தப் பெயரிலி அதைத் தன்னோட மடிக்கணினியில மூணு ராத்திரி ஓட்டிப் பார்த்துட்டு, வேகம் கூடவே இல்லைன்னு எழுதிட்டார்."

"அந்த நிரல் யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணே பேர். பேராசிரியர் அரிசாவா, இணைப் பேராசிரியர் நிவா, ஒப்பந்த ஆராய்ச்சியாளர் ஓரிபே. வெளியே கொண்டுபோய் ஓட்டினது விதிமீறல். பேராசிரியர் தன் தலையில தானே மண் போட்டுக்க மாட்டார். நிவா அவரைவிட அந்த முறைக்கு விசுவாசம். அப்ப மிச்சம் யாரு? நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம் போட்டு, நம்ம கட்சிக்காரர் ஓரிபேயோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம அனுப்பிடுவாங்க. நிரலைத் திருடினவங்கன்னு பேர் வந்துட்டா வேற எந்த ஆய்வகமும் கதவைத் திறக்காது."

"அவங்க எழுதலைன்னு சொல்றாங்க."

"குற்றவாளியும் அதையேதான் சொல்வார் பாஸ்."

"நீயும் அந்தக் கடைசி ஆரஞ்சை எடுக்கலைன்னுதான் சொல்லப்போறே," என்றார் இனாபா. "இதைப் பாரு."

பதிவின் நடுவில் ஒரு வரைபடம். இரவு முழுவதும் கணினி ஓடிய வேகம். பழைய முறைக்கு ஒரு கோடு, புதிய முறைக்கு ஒரு கோடு. இரண்டும் கைகோத்துக்கொண்டு நேராகப் போயின. விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டும் சேர்ந்து தொப்பென்று ஒரு பள்ளத்தில் விழுந்தன. பள்ளத்தின் நடுவில் ஒரு குட்டி மேடு. பிறகு மறுபடி பழைய உயரம். மூன்று இரவும் இப்படியே.

அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'பள்ளத்துக்குக் காரணம் சுற்றுச்சூழல். முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் நீக்கவில்லை.'

"பேரை நீக்கியிருக்கார். பள்ளத்தை நீக்கலை," என்றார் இனாபா.

"நீக்கியிருந்தா படம் இன்னும் அழகா இருந்திருக்கும்."

"அதான் விஷயம். ஒளிஞ்சுக்கத் தெரிஞ்சவர், ஆனா கிடைச்ச எண்ணைத் தூக்கிப்போட மனசு வரலை. இது ஆராய்ச்சிக்காரங்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி. சரி, மடிக்கணினி எதனால மெதுவாகும்?"

"சூட்டால. சூடு ஏறினா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். ஆனா பாஸ், விடியக்காலம்தான் அறை ரொம்பக் குளிர்ந்து கிடக்கும். அந்த நேரத்துல எப்படிச் சூடாகும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். உன் கணினியை எடு."

"ஐயோ."

மொரோவின் மடிக்கணினி முதலில் கொதாட்சுவுக்குள் போனது. வேகம் மெல்ல மெல்லச் சரிந்தது. சறுக்குமரம் போல ஒரு கோடு. பள்ளம் இல்லை. இனாபா அதை வெளியே எடுத்து, ஆறவிட்டு, மூடிவைத்து, அலமாரியிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டையை அதன்மேல் வைத்தார். காற்றுத் துளைகள் அடைபட்டன. கோடு தொப்பென்று விழுந்தது.

"ஆக, பாரமா, மெத்துனு ஏதோ ஒண்ணு திடீர்னு மேல வந்து உட்காருது," என்றார் இனாபா. "குட்டி மேடு எதுக்கு? நடுவுல அது எழுந்து, ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பப் படுக்குது. கடைசியில மூணு நாளும் ஒரே நேரத்துல எழுந்து போயிடுது. யாரோ டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டு."

மொரோ யோசித்தான். "குளிர் ஜாஸ்தியானா வரும். சூடான இடமாப் பார்த்துப் படுக்கும். சாப்பாட்டுச் சத்தம் கேட்டா எழுந்திருக்கும். பாஸ், அது எங்க அக்கா புருஷன்."

"பூனைடா."

"அதுவும் இருக்கலாம்."

"இந்த மூணு பேர்ல யார் வீட்டுல பூனை இருக்கோ அவங்கதான் எழுதினது. குளிர்க்கோட்டை எடுத்து மாட்டு, கிளம்பலாம்."

ஓரிபே சினாட்சுவின் வீடு ரயில் பாதைக்கு அப்பால், இரும்பு மாடிப்படி வைத்த இரண்டு மாடிக் கட்டடத்தில். மாடிப்படிக்குக் கீழே வீட்டுக்காரர் தொங்கவிட்ட பலகை: 'வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை.'

மொரோ அதைப் படித்துவிட்டு மேலே ஏறினான். ஏறியவன் கதவருகே நின்றுவிட்டான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பை. பூனை மலம் கழிக்கப் போடும் மணல். பாதி காலி.

"பாஸ்," என்று கிசுகிசுத்தான். "நம்ம கட்சிக்காரரே நம்மளை ஏமாத்தியிருக்கார். ஆரஞ்சைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"எந்த ஆரஞ்சை?"

கதவு திறந்தது. சினாட்சுவுக்கு இருபத்தொன்பது வயது. அறைக்குள்ளேயும் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். மொரோ பையைக் காட்டினான். குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

"இதுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க ஓரிபே சான்?"

"ஐயோ, நீங்க ஏறி வர்றதுக்குள்ள போட்டிருக்கணும்." அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். உறைந்து பளபளத்த மூன்றாவது படியில் மணலைக் கைப்பிடியாக அள்ளித் தூவினாள். "போன வாரம் பால்காரர் இதுல வழுக்கி விழுந்துட்டார். உப்பு போட்டா இரும்பு துருப்பிடிச்சுடும்னு வீட்டுக்காரர் கத்துவார். இது நல்லா பிடிக்கும். நீங்க வழுக்கலையே?"

"இவன் வழுக்கிட்டான்," என்றார் இனாபா. "மனசுல."

உள்ளே ஒற்றை அறை. பூனைக்கு ஒளிய இடம் இல்லை. மனிதருக்கே கஷ்டம். சினாட்சு தேநீர் ஊற்றினாள்.

"பூனையா? எங்க ஆய்வகத்துல யாருக்கும் கிடையாதே. நிவா சானுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல். சென்செய்க்கு, அதான் எங்க பேராசிரியருக்கு, பூனைன்னாலே ஆகாது. வளாகத்துல ஒரு சாம்பல் பூனை சுத்திட்டிருக்கும். 'பூனைக்குத் தீனி போடாதீர்கள், அரிசாவா'ன்னு போன மாசம் அவரே நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டின வாரமே பூனையைக் காணோம். விரட்டிட்டார்னு பசங்க எல்லாம் அவர் மேல கடுப்பா இருக்காங்க."

"நீங்க?"

"நான் யார்மேலயும் கடுப்பாகிற நிலைமையில இல்லை."

"அந்தப் பதிவு எழுதினவர் மேலகூட?"

சினாட்சு கோப்பையைப் பார்த்தாள். "அது சரியான பதிவு. அதான் எரிச்சல். நவம்பர்ல நானும் ஆய்வகத்துல அளந்து பார்த்தேன். வேகம் வரலை. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம். வாயை மூடிக்கிட்டேன். என் வாயால வராததை யாரோ எழுதிட்டாங்க, அதுக்கு நான் போறேன்." சற்று நிறுத்தினாள். "அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். நானா இருந்தாலும் நீக்கியிருக்க மாட்டேன்."

படி இறங்கும்போது மொரோ மணலில் பத்திரமாகக் கால் வைத்தான். "மூணு பேர்ல ஒருத்தருக்கு அனுமதி இல்லை, ஒருத்தருக்குத் தும்மல், ஒருத்தருக்கு ஆகாது. பூனையே எழுதியிருக்குமோ பாஸ்?"

"நாலாயிரம் வாசகர் வந்திருக்காங்களே. இருக்கலாம்."

மறுநாள் காலை இணைப் பேராசிரியர் நிவா தன் அறையில் அவர்களை வரவேற்றார். நாற்பத்தைந்து வயது, இறுக்கமான கழுத்துப்பட்டை. ஓரிபே ஒரு துணையாளைக் கூட்டத்துக்கு அழைத்து வர விதி இடம் தருகிறது, அதை ஆட்சேபிக்கவில்லை, ஆனால் பயனில்லை என்றார்.

"எழுத்து நடையே காட்டிக் கொடுக்குது. எங்க ஆய்வகத்துல ஒழுங்கா வலைப்பதிவு எழுதுறது ஓரிபே மட்டும்தான். இந்தப் பதிவைப் பாருங்க. சின்னச் சின்ன வாக்கியம். நடுநடுவுல நகைச்சுவை."

"உங்க பேராசிரியர் அப்படி எழுத மாட்டாரா?"

நிவா முதல் முறையாகச் சிரித்தார். "சென்செய் ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா, முடியறதுக்குள்ள நான் ஒரு தேநீர் குடிச்சிட்டு வந்துடுவேன்."

அப்போது சினாட்சு கூட்டத்துக்கான தாள்களைக் கொண்டுவந்தாள். நிவாவின் தோளருகே குனிந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவளுடைய கோட்டின் கை அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் போய் வந்தது. நிவா முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான்.

அவள் போனதும் கதவு மறுபடி திறந்தது. அரிசாவா சென்செய். அறுபது தாண்டியவர், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, யாரையும் நேராகப் பார்க்காத கண்கள்.

"நிவா, அந்தக் கம்பெனிக்காரங்க எத்தனை மணிக்கு, அதாவது இன்னைக்கு வர்றாங்களா, இல்லை முன்னாடி சொன்ன மாதிரி, கூட்டம் முடிஞ்ச பிறகுதான்னா அதை…"

அவர் தாளைப் பார்க்கக் குனிந்தார். நிவா தும்மினார். மறுபடி தும்மினார். மூன்றாவது தும்மலில் மேசையிலிருந்த பேனா உருண்டது.

"மன்னிக்கணும் சென்செய்," என்றார் நிவா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "குளிர் ஒத்துக்கலை."

அரிசாவா பின்வாங்கி, தன் சட்டையின் முன்பக்கத்தை ஒரு முறை கையால் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

"உங்களுக்கு இது எத்தனை நாளா?" என்று இனாபா அக்கறையாகக் கேட்டார்.

"ஒரு மாசமா. வெளியே சொல்லிடாதீங்க, சென்செய் பக்கத்துல வந்தா மட்டும்தான். மரியாதை ஜாஸ்தியானா உடம்பு இப்படிப் பதறுமாம். எங்க அம்மா சொன்னாங்க."

வெளியே தாழ்வாரத்தில் மொரோ விற்பனை இயந்திரத்திலிருந்து சூடான சோளச் சூப் டின் ஒன்றை எடுத்தான். "மரியாதைக்குத் தும்முற ஆளை இப்பதான் பாஸ் பார்க்கிறேன். எனக்கு உங்களைப் பார்த்தா ஒண்ணுமே வரலையே."

"அதுக்கு மரியாதை இருக்கணும்." இனாபா அவன் கையிலிருந்த டின்னை வாங்கி ஒரு வாய் குடித்தார். "ஆள் தெரிஞ்சுபோச்சு. ஆனா தும்மல் சாட்சி சொல்லாது. அவரே வாயைத் திறக்கணும்."

"திறப்பாரா? பேசாம இருந்தா அவருக்கு எல்லாமே மிச்சம். முறையும் விலைபோகும், பேரும் போகாது."

"அவர் பேசாம இருப்பார் மொரோ. அவர் வரைபடம் பேசாம இருக்காது."

இரண்டு மணிக்கு ஆறு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நிர்வாகத்திலிருந்து வந்த தோயாமா அம்மையார் கூட்டக் குறிப்பு எழுதத் தயாராக இருந்தார். அரிசாவாவின் முன்னால் ஒரே ஒரு தாள்: ஓரிபே சினாட்சுவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற முடிவு. பக்கத்தில், கையெழுத்துக்குப் பதில் அவர் இடும் முத்திரை, மூடி திறந்து வைக்கப்பட்டிருந்தது. சினாட்சு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிவா, சென்செய்யிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி, கைக்குட்டையோடு.

"துணையாள் ஏதாவது சொல்லணுமா?" என்றார் தோயாமா.

இனாபா எழுந்து வரைபடத்தின் பெரிய நகலை மேசைமேல் விரித்தார்.

"எனக்குக் கணினி தெரியாது. அரிசிக் குக்கர்தான் தெரியும். தப்பா சொன்னா மன்னிக்கணும். இங்க ஒரு பள்ளம் இருக்கு. புது முறை விடியக்காலத்துல களைச்சுப்போகுதுன்னு இது காட்டுது. சரிதானே?"

நிவா தலையசைத்தார். அரிசாவாவின் இடது புருவம் துடித்தது.

"இல்லை," என்றாள் சினாட்சு. அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "ரெண்டு கோடும் சேர்ந்துதான் இறங்குது. பழைய முறையும்தான். அப்ப அது முறையோட குறை இல்லை."

"பார்த்தீங்களா!" நிவா மேசையைத் தட்டினார். "எவ்வளவு நல்லா தெரிஞ்சு வச்சிருக்காங்க! எழுதினவங்களுக்குத்தான் இவ்வளவு தெரியும்."

தோயாமாவின் பேனா ஓடியது. மொரோ இனாபாவின் முழங்காலை மேசைக்கு அடியில் இடித்தான். இனாபா அசரவில்லை.

"அப்படின்னா அது உதவாத கணினி. பழைய, மட்டமான கணினி. அதுல எடுத்த கணக்கை எப்படி நம்புறது?"

அரிசாவா தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"அதுவும் இல்லைன்னா," என்று இனாபா மெதுவாக, அனுதாபத்தோடு சொன்னார், "இந்தப் பள்ளமே கற்பனை. உண்மையான கணக்கு மாதிரி தெரியணும்னு யாரோ உட்கார்ந்து வரைஞ்சிருக்காங்க. மூணு ராத்திரியும் ஒரே இடத்துல விழுது பாருங்க, நம்புற மாதிரியா இருக்கு? மொத்த எண்ணும் இட்டுக்கட்டினது. அப்ப உங்க முப்பது சதவீதம் பத்திரமா இருக்கு. உங்க முறைக்கு ஒரு குறையும் இல்லை சென்செய்."

"அருமை," என்றார் நிவா. "துணையாளே ஒத்துக்கிட்டாங்க. சென்செய், முத்திரை…"

அரிசாவா முத்திரையை எடுத்தார். அது தாளுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

"இட்டுக்கட்டலை," என்றார்.

"சென்செய்?"

"ஒரு எண்கூட இட்டுக்கட்டலை! கணினியும் மட்டம் இல்லை. பூனை அது. அறை குளிர்ந்ததும் வந்து கணினிமேல படுத்துக்கும். நடுவுல எழுந்து ஒரு சுத்து சுத்தும், அதான் இந்த மேடு. மூணாவது ராத்திரி மேடு கொஞ்சம் அகலமா இருக்கு பாருங்க. அன்னைக்கு ரெண்டு சுத்து. டின்னைத் திறந்தா இறங்கிடும். இதுல கற்பனை எங்க இருக்கு?"

நிவா தும்மினார்.

ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனிக்கட்டி ஒன்று சரிந்து விழுந்தது.

"எந்தப் பூனை சென்செய்?" என்று சினாட்சு மெல்லக் கேட்டாள். "சாம்பல் நிறமா?"

"வெளியே பனி," என்றார் அரிசாவா. "நோட்டீஸ் போட்டவனே கொண்டுபோனா நல்லா இருக்காதுன்னு ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

நிவா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஆனா சென்செய், நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"நவம்பர் கூட்டத்துல சொன்னேனே நிவா. என் அளவீடு தப்பா இருக்கலாம்னு. நீ என்ன சொன்னே?"

"சென்செய்யோட அடக்கம்னு…"

"அடுத்த கூட்டத்துலயும் சொன்னேன்."

நிவா கைக்குட்டையைப் பார்த்தார். "இன்னும் பெரிய அடக்கம்னு நெனச்சோம்."

"பேர் போடாம உட்கார்ந்தேன். வாக்கியம் எல்லாம் தானா சின்னதா வந்தது. யாருக்கும் கெடுதல் வராதுன்னு நெனச்சேன். இவங்க மேல வந்ததும்…" அவர் சினாட்சுவைப் பார்த்தார். அறையில் யாரையும் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "காலையிலேர்ந்து, இன்னும் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம், அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்னே உட்கார்ந்திருந்தேன், ஓரிபே சான். வேற யாரோ தப்பா படிச்சதும்தான் வாய் வந்தது."

சினாட்சுவின் கண்கள் வரைபடத்தில், மூன்றாவது இரவின் அகலமான மேட்டில் இருந்தன.

அரிசாவா முத்திரைக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் வைத்தார். முன்னால் இருந்த தாளைக் குப்புறத் திருப்பினார்.

தோயாமா அம்மையார் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும். கூட்டக் குறிப்பில 'பூனை'ன்னு மட்டும் எழுத முடியாது. முடிவு எடுக்கணும்னா யாராவது முழு வாக்கியமா சொல்லணும்."

மொரோ இனாபாவின் காதருகே குனிந்தான். "பாஸ், ஒரு தேநீர் குடிச்சிட்டு வரட்டுமா? இவர் வாக்கியம் நீளமாச்சே."

"உட்காரு. இது சின்னதா வரும்."

அரிசாவா எழுந்து நின்றார். கம்பளிச் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு சாம்பல் முடியை எடுத்து, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பதினெட்டாம் தேதிப் பதிவை எழுதினது நான்தான். தப்பும் என்னோடதுதான்."